ஆறாம் வகுப்புக்கு டைப்பிங்: தமிழில் தொடங்கினோம், கை ஓடியது

இந்த ஆசிரியர் குழுவில் இரண்டு மூன்று பேர் "பிள்ளைங்க கீபோர்டைப் பார்த்ததும் கையைச் சுருட்டிக்கிறாங்க" என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் பள்ளியிலும் அதேதான் இருந்தது, அதனால் என் அனுபவத்தையும் எழுதிவிடுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

தர்மபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. ஆறு, ஏழு, எட்டுக்குக் கணக்கு எடுக்கிறேன், கம்ப்யூட்டர் பீரியடும் என்னிடம்தான். நிறையப் பிள்ளைகளுக்கு அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பார்கள், இவர்கள் பாட்டி வீட்டில் இருந்து படிக்கிறார்கள். வீட்டில் ஒரு போன் இருக்கும், அது ராத்திரி அம்மா கூப்பிடுவதற்கு. சில வீடுகளில் அக்காவோ அண்ணனோ பிளஸ் டூவில் வாங்கிய இலவச லேப்டாப் இருக்கும். 2011இல் அந்தத் திட்டம் வந்த பிறகுதான் எங்கள் பக்கத்து வீடுகளுக்குள் கம்ப்யூட்டர் என்ற ஒன்றே நுழைந்தது, ஆனால் இப்போது அதில் பேட்டரி போயிருக்கும், பீரோ மேலே துணி போட்டு மூடி வைத்திருப்பார்கள்.

ஆக, கீபோர்டைப் பிள்ளைகள் முதன்முதலாகத் தொடுவது பள்ளியில்தான். மானிட்டரை விரலால் தள்ளிப் பார்ப்பார்கள், நகரவில்லை என்றதும் "சார், ஹேங் ஆயிடுச்சு" என்பார்கள். அதெல்லாம் சீக்கிரம் சரியாகிவிடும். மவுஸும் பழகிவிடும், படம் வரையச் சொன்னால் விடவே மாட்டார்கள். சரியாகாமல் நின்றது டைப்பிங்தான். வழக்கம்போல ஆங்கிலத்தில் ஏ எஸ் டி எஃப் என்று ஆரம்பித்தால், பிள்ளை முதலில் அந்த எழுத்து எது என்று மனதுக்குள் தேட வேண்டும், கீபோர்டில் இருப்பது பெரிய எழுத்து, திரையில் வருவது சின்ன எழுத்து, இரண்டும் ஒன்றுதானா என்று வேறு யோசிக்க வேண்டும், அப்புறம் எந்த விரல் என்று தேட வேண்டும். இவ்வளவும் செய்து முடித்தால் திரையில் நிற்பது அர்த்தமே இல்லாத நாலு எழுத்து. எந்தப் பிள்ளைக்கு மனசு வரும்? அவர்கள் பயந்தது கம்ப்யூட்டரைப் பார்த்து இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆங்கில எழுத்தைக் கண்டுதான் கை சுருங்கியது.

தமிழ்99க்கு மாறினோம். 1999இல் சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு நடந்ததே, அதை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அது. இப்போதைய விண்டோஸில் உள்ளேயே வருகிறது, மொழிகளில் தமிழைச் சேர்த்து கீபோர்டில் தமிழ்99 என்று தேர்ந்தெடுத்தால் போதும். பழைய சிஸ்டம் என்றால் என்ஹெச்எம் ரைட்டர் என்ற மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாம். உயிரெழுத்து எல்லாம் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. நடு வரிசையில் இடது பக்கம் அ, இ, உ, புள்ளி, எ. வலது பக்கம் க, ப, ம, த, ந, ய. நாம் அடிக்கடி எழுதுகிற எழுத்துகள் விரல் சும்மா கிடக்கும் இடத்திலேயே இருக்கின்றன, யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

முதல் பீரியடில் "அம்மா" மட்டும்தான். அ, ம, ம, ஆ. நாலே தட்டு. ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். அந்தப் புள்ளி விழுவதைப் பார்த்ததும் வகுப்பில் எழுந்த சத்தத்தில் பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் அப்பா, அக்கா, தாத்தா, பாட்டி. உறவுமுறையிலேயே விரல் பாதி பழகிவிடுகிறது. ங-வுக்கு அடுத்து க, ஞ-வுக்கு அடுத்து ச, ந-வுக்கு அடுத்து த, இப்படி இன எழுத்து சேர்ந்து வந்தாலும் புள்ளி தானாக வரும், தமிழ் மிஸ் இனவெழுத்துப் பாடத்தை லேபிலேயே நடத்திவிட்டுப் போனார்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஆறாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை, வாசிப்பில் ரொம்பத் திணறுவாள். ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் சேர்ந்து வந்தால் அவ்வளவுதான், கெ, கா, கொ எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று போய்விடும். "கொய்யா" அடிக்கச் சொன்னேன். நோட்டில் எழுதுகிற பழக்கத்தில் கொம்பைத் தேடினாள், கொம்புக்கு விசை இல்லை. க தட்டி எ தட்டினாள், "கெ" வந்தது. அடுத்து துணைக்காலைத் தேடினாள், அதற்கும் விசை இல்லை. என் முகத்தைப் பார்த்தாள். "கையை விடு, வாயால சொல்லு, என்ன சத்தம் வருது" என்றேன். "கொ." "அதையே இழுத்துச் சொல்லு, கடைசியில என்ன நிக்குது?" "கொ... ஒ... ஒ, சார்!" அழித்துவிட்டு க, ஒ என்று தட்டினாள். க-வுக்கு இந்தப் பக்கம் கொம்பு, அந்தப் பக்கம் கால், இரண்டும் ஒரே தட்டில் வந்து உட்கார்ந்தன. திரும்ப அழித்தாள், திரும்பத் தட்டினாள். பிறகு யாரும் சொல்லாமலே மொ, தொ, பொ, வரிசையாகப் போனாள். எழுத்தின் வடிவத்தை இத்தனை வருஷம் மனப்பாடம் செய்யப் பார்த்த பிள்ளைக்கு, மெய்யும் உயிரும் சேர்ந்தால் உயிர்மெய் என்பது விரலில் புரிந்தது. அதற்கப்புறம் அவள் வாசிப்பே மாறியது, தமிழ் மிஸ்ஸும் இதைச் சொன்னார்கள். டைப்பிங் சொல்லித்தரப் போய் வாசிப்பு வந்தது, இதை யாராவது பெரிய அளவில் செய்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

இன்னொன்று, பப்பாளி. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் அடித்தால் "ப்பபாளி" என்று வருகிறது, இரண்டு ப சேர்ந்ததும் புள்ளி விழுந்துவிடுகிறதே. நான் சொல்வதற்குள் அவனே, "சார், முதல் ப-வுக்குள்ள ஒரு அ இருக்குல்ல, அதைத் தட்டிட்டு அடுத்த ப போட்டா?" என்றான். அதேதான் வழி. ப, அ, ப, ப, ஆ, ள, இ. அகரமேறிய மெய் என்று புத்தகத்தில் படித்ததை அவன் கையால் கண்டுபிடித்தான்.

ஒரு சிஸ்டத்துக்கு மூன்று பேர் என்றால் தைரியமான பையன் கையிலேயே எல்லாம் போய்விடும், பெண் பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள். அதை ஆரம்பத்திலேயே நிறுத்திவிடுங்கள். ஒருவர் தட்டுவார், ஒருவர் சொல் சொல்வார், ஒருவர் நோட்டு அட்டையைத் தட்டுபவரின் கைக்கு மேலே கூரை மாதிரி பிடிப்பார். கீழே குனிந்து பார்க்காமல் இருக்கத்தான் அந்த அட்டை. மணி அடித்தால் இடம் மாறணும். எஃப், ஜே விசைகளில் சின்ன மேடு இருக்குமே, தமிழ்99இல் ஒன்று புள்ளி, இன்னொன்று ப. கண்ணை மூடி அந்த மேட்டைத் தடவி விரலை வைக்கப் பழக்கினால் மற்றது தானாக வரும். விசை மேல் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், ஒட்டினால் கண் கீழேயேதான் இருக்கும், சுவரில் பெரிய சார்ட் போதும்.

ஒரு பையன் புளி சீசனில் அம்மாவுக்குக் கடிதம் அடித்தான். "அம்மா, நம்ம மரம் உலுக்கியாச்சு. ஆயா தனியா தட்டுது. நீ ஞாயித்துக்கிழமை வந்தா கொட்டை எடுத்துரலாம்." அச்செடுத்துக் கொடுத்தேன். அந்த வாரம் அம்மா வந்தபோது அதை வாங்கி மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டார்களாம். இப்படி அனுப்ப ஒரு ஆள் இருந்தால் பிள்ளை பிழை திருத்தத் தானாகவே வரும்.

"மைக்ல சொன்னா டைப் ஆகுதே, எதுக்கு விரல்?" என்று பெரிய பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஒரே அறையில் எல்லோரும் பேசினால் எதுவும் விழாது, எங்கள் லேபில் இணையமும் நினைத்தால்தான் வரும், எல்லாவற்றுக்கும் மேலே, பேசினதைத் திருத்த விரல் வேண்டும். அந்தத் திருத்துகிற வேலையில்தான் எழுத்தே இருக்கிறது.

*

தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து:

சார், பதிவைப் படித்ததும் எழுதத் தோன்றியது. எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இந்தப் பக்கம் பாதி வகுப்புக்கு வீட்டில் தெலுங்கு, கொஞ்சம் பேருக்குக் கன்னடம். தமிழே பள்ளிக்கூடத்து மொழிதான். அதனால் "தமிழில் தொடங்கினால் எளிது" என்பது இங்கே நடக்குமா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. நடந்தது, ஆனால் வேறு வழியில். சொந்தமாக ஏதாவது அடிக்கச் சொன்னபோது ஒரு பையன் "அம்மா, அன்னம் தின்னாவா" என்று அடித்துவிட்டு, திட்டுவேனோ என்று கையால் திரையை மறைத்தான். சாப்பிட்டியா அம்மா என்று தெலுங்கில் கேட்டிருக்கிறான், தமிழ் எழுத்தில். நான் சத்தமாக வாசித்தேன். அதற்குப் பிறகு அந்த வரிசையே கலகலவென்று ஆகிவிட்டது. வீட்டில் பேசுகிற பேச்சு திரையில் வரலாம் என்று தெரிந்த பிறகு, தமிழ் வாக்கியமும் பயமில்லாமல் அடிக்கிறார்கள்.

ஒரு சின்ன சங்கடம். தர்மபுரி என்று அடிக்க உங்கள் பிள்ளைகளுக்கு ஷிப்ட் விசை வேண்டியதில்லை, எங்கள் பிள்ளைகளுக்கு மாவட்டத்தின் பெயரிலேயே ஷ வந்துவிடுகிறது, ஷிப்டைப் பிடித்துக்கொண்டு டபிள்யூ. 2004இல் நம் இரண்டு மாவட்டமும் பிரியாமல் இருந்திருந்தால் எங்களுக்கு ஒரு விசை மிச்சம்! ஆனால் ஷிப்ட் பழக்க அந்த ஒரு சொல்லே போதும் என்று இப்போது நினைக்கிறேன், எல்லோருக்கும் அடிக்க ஆசையான சொல்.

ஒரே ஒரு இடத்தில் உங்களோடு ஒத்துப்போகவில்லை. ஆங்கிலத்தை ரொம்பத் தள்ளிப்போடக் கூடாது. எங்கள் பெற்றோர் ஓசூர் கம்பெனிகளுக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள், "மிஸ், இங்கிலீஷ்ல எப்ப அடிப்பான்?" என்பதுதான் முதல் கேள்வி. கை கொஞ்சம் ஓட ஆரம்பித்ததும் நான் அவரவர் பெயரை ஆங்கிலத்தில் அடிக்க வைத்துவிடுகிறேன்.

*

தர்மபுரி டவுனிலிருந்து:

நான் தட்டச்சு இன்ஸ்டிடியூட் நடத்தியவன், பள்ளி ஆசிரியர் இல்லை. இரண்டு பேரும் சொன்னதில் சந்தோஷம். ஒரு விஷயத்தை மட்டும் பெற்றோரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அரசுத் தட்டச்சுத் தேர்வுக்கு இன்ஸ்டிடியூட்டில் படிக்கிற தமிழ் விசை வரிசை பழைய டைப்ரைட்டருடையது, தமிழ்99 வேறு. நாளைக்குப் பிள்ளை தமிழில் ஜூனியர் தேர்வு எழுத வந்தால் எழுத்து இருக்கும் இடம் மாறும். விரல் ஒழுக்கம் மாறாது, அது ரொம்பப் பெரிய லாபம், இரண்டு விரலில் தட்டிப் பழகி வருகிறவர்களைத் திருத்துவதுதான் எங்களுக்குப் பெரும்பாடு.

அப்புறம், ஆறாம் வகுப்பில் வேகம் பார்க்காதீர்கள் ஐயா. ஆங்கிலத்தில் ஜூனியருக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, சீனியருக்கு 45. அதெல்லாம் பெரிய பிள்ளைகளுக்கு. சின்னக் கையில் சுண்டு விரலுக்கு எட்டாது, வேகம் கேட்டால் ஆள்காட்டி விரலாலேயே எல்லாவற்றையும் தட்டப் பழகிவிடும். தட்டுகிற சத்தம் ஒரே சீராக வருகிறதா என்று காதால் கேளுங்கள். நாற்காலி உயரமும் முக்கியம், முழங்கை மேசைக்குக் கீழே தொங்கினால் ஒரு பலகையைப் போட்டு உட்கார வையுங்கள்.

*

முதலில் எழுதியவன்:

டீச்சர், நீங்கள் சொல்வது சரி, ஓசூர்ப் பக்கத்துத் தேவை வேறு, அங்கே ஆங்கிலம் சீக்கிரம் வரத்தான் வேண்டும். நாங்கள் ஏழாம் வகுப்பின் பாதியில் மாறுகிறோம். தமிழில் கண்ணைக் கீழே இறக்காமல் அடிக்கிற பிள்ளைக்கு ஆங்கிலத்தில் விரல் இருக்கும் இடமும் மேடும் அப்படியே இருக்கின்றன, எழுத்தின் பெயர் மட்டும்தான் புதிது, அதனால் முதல் தடவை இருந்த திணறல் இல்லை. ஐயா சொன்ன சுண்டு விரல் விஷயம் உண்மை, ந, ய இரண்டும் அங்கேதான் இருக்கின்றன, எங்கள் பிள்ளைகள் "நாய்" அடிக்கும்போது கை மொத்தமும் வலப்பக்கம் நகர்ந்துவிடுகிறது. பலகை போட்டுப் பார்த்துவிட்டு திங்கட்கிழமை எழுதுகிறேன்.