மேலவிளை குடும்பம்: சின்னக்குட்டியின் இறுதி ஆட்டத்துக்கு லென்ஸ்

குளச்சல் சித்தி: அனைவருக்கும் வணக்கம். சின்னக்குட்டியின் கால்பந்து அணி இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. வரும் ஞாயிறு மாலை நாலரை மணிக்கு ஆட்டம். அரையிறுதியில் அவள் போட்ட கோலின் படம் ஒருவரிடமும் இல்லை. கைப்பேசியில் எடுத்ததில் எறும்பு ஊர்வதுபோல்தான் தெரிகிறது. இந்த முறை யாராவது முறையாகப் படம் எடுத்துத் தர வேண்டும்.

கருங்கல் அக்கா: வாழ்த்துகள் மக்களே! எந்த மைதானம்?

குளச்சல் சித்தி: அதே கடற்கரை மைதானம்.

பெரியப்பா: மகிழ்ச்சி. கேமரா என்னிடம் இருக்கிறது. சின்னவன் வந்து எடுத்துக்கொள்ளட்டும்.

நான்: நன்றி பெரியப்பா. ஆனால் உங்கள் நிக்கான் டி7000 உடன் இப்போது இருப்பது 18-105 மில்லிமீட்டர் லென்ஸ் மட்டும்தான். கோலடியில் நடப்பதை அதை வைத்துக்கொண்டு எடுத்தால் ஆள் சிறிதாகத்தான் விழும். தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் டெலி ஜூம் லென்ஸ் ஒன்று வேண்டும். என் கையில் எட்டாயிரம் இருக்கிறது.

குளச்சல் சித்தி: நான் பன்னிரண்டாயிரம் தருகிறேன்.

பெரியப்பா: ஒரு டெலி ஜூம் நம் வீட்டில் இருந்தது.

கருங்கல் அத்தான்: *இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

கருங்கல் அக்கா: பெரியப்பா, அது முடிந்துபோன விஷயம்.

மஸ்கட் அண்ணன்: தம்பி, 70-300 ஏஎஃப்-பி இங்கே ஒரு கடையில் மலிவாகக் கிடைக்கிறது. நண்பர் ஒருவர் வெள்ளிக்கிழமை திருவனந்தபுரத்துக்கு வருகிறார். அவரிடம் கொடுத்தனுப்பட்டுமா? 300 வரை போகும், எடையும் குறைவு.

தக்கலை மாமா: அவசரப்பட்டு வாங்கிவிடாதே மக்களே. ஏஎஃப்-பி வகை லென்ஸ்களில் ஸ்டெப்பிங் மோட்டார் இருக்கிறது. 2010இல் வந்த டி7000க்கு அந்த மோட்டாரோடு பேசத் தெரியாது. மாட்டினால் மாட்டும், ஆனால் ஃபோகஸ் ஆகாது. கையால் திருப்பலாம் என்று நினைத்தால் அதுவும் நடக்காது, ஏனென்றால் அந்த வளையமும் மின்சாரத்தின் வழியாகத்தான் வேலை செய்கிறது. உன் பணம் அப்படியே வீணாகும். லென்ஸின் பெயரில் ஏஎஃப்-எஸ் என்றோ, பழையதானால் ஏஎஃப்-டி என்றோ இருக்க வேண்டும். டி7000இன் உடம்புக்குள்ளேயே ஃபோகஸ் மோட்டார் இருப்பதால் பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களும் அதில் ஓடும். டி3000, டி5000 வரிசைகளில் அந்த வசதி கிடையாது. பெரியப்பா அன்று நல்ல கேமராவாகப் பார்த்து வாங்கியது இப்போது உதவுகிறது.

மஸ்கட் அண்ணன்: சரி மாமா. நிறுத்திவிட்டேன்.

பெரியப்பா: நன்றி. 2011இல் வாங்கியது.

நான்: மாமா, இரண்டு லென்ஸ் பார்த்து வைத்திருக்கிறேன், இரண்டும் பழையவை. ஒன்று ஏஎஃப்-எஸ் 70-300 விஆர், 4.5-5.6. பதினெட்டாயிரம் கேட்கிறார்கள். இன்னொன்று 80-200 எஃப் 2.8 டி, ஜூமுக்கும் ஃபோகஸுக்கும் தனித்தனி வளையம் உள்ளது. நாகர்கோவிலில் ஒருவர் முப்பத்திரண்டாயிரம் சொல்கிறார். முதலாவது பட்ஜெட்டுக்குள் வருகிறது, 300 வரை எட்டுகிறது, கை நடுக்கத்தையும் தாங்குகிறது. அதையே வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன்.

கருங்கல் அக்கா: 300 பெரியதுதானே? அதுவே நல்லதல்லவா?

தக்கலை மாமா: பலரும் ஏமாறுவது இந்த எண்ணில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முழு அளவு மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். கார்னர் கொடியிலிருந்து பக்கத்துக் கோல் கம்பம் வரை ஏறக்குறைய 30 மீட்டர். டி7000இன் சென்சார் சிறியது, நீளப் பக்கம் 23.6 மில்லிமீட்டர். 200இல் வைத்து, கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, 30 மீட்டரில் நிற்கும் ஆளை எடுத்தால் சட்டத்துக்குள் மூன்றரை மீட்டர் உயரம் அடங்கும். சின்னக்குட்டி அதில் பாதியை நிறைப்பாள். கொடிக்கும் கம்பத்துக்கும் நடுவில், கோட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தால் தூரம் 15 மீட்டர்தான், சட்டமே நிறைந்துவிடும். நடுக்கோட்டில் நடப்பது 50 மீட்டருக்கு அப்பால் இருக்கும், அது 300இலும் சிறிதாகத்தான் வரும். ஆகவே எட்டாத குறையை லென்ஸைக் கொண்டு தீர்ப்பதைவிட, உட்காரும் இடத்தைக் கொண்டு தீர்ப்பதே மேல். நமக்கு வேண்டியது கோலடிப் படம், அதற்கு 200 போதும்.

குளச்சல் சித்தி: அவள் இடது பக்கம் ஆடுகிறாள்.

தக்கலை மாமா: அப்படியானால் அவர்கள் தாக்கும் கோலுக்கு அருகே, வலது கார்னர் பக்கமாக உட்கார வேண்டும். அவள் உள்ளே வெட்டி வரும்போது முகம் கேமராவைப் பார்க்கும். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும், நீயும் மறு கோலுக்கு நடந்துபோக வேண்டும், மறந்துவிடாதே.

நான்: அப்படியென்றால் 70-300இல் என்ன குறை, மாமா?

தக்கலை மாமா: வெளிச்சம். நாலரைக்கு ஆட்டம் தொடங்கினால், இடைவேளையும் சேர்த்து முடியும்போது ஆறே கால் ஆகிவிடும். கடைசி நேரத்திலோ, ஆட்டக்காரர்கள் களைத்துப்போன பிறகு, கோல் சற்றுக் கூடுதலாகவே விழும். பந்தை உதைக்கும் காலை உறைய வைக்க ஷட்டர் வேகம் 1/1000 வினாடி வேண்டும், குறைந்தது 1/500. 70-300இல் 300க்குப் போனால் ஒளி நுழையும் துளை 5.6க்கு மேல் திறக்காது, மற்றது எந்த நீளத்திலும் 2.8 வரை திறக்கும்; எண் குறைந்தால் துளை பெரிது. இடையில் இரண்டு படி, அதாவது நான்கு மடங்கு வெளிச்சம். பொழுது சாயும் நேரத்தில் ஒன்றில் ஐஎஸ்ஓ, அதாவது சென்சாரின் ஒளி உணர்திறன், 6400 வேண்டுமென்றால் மற்றதில் 1600 போதும். அந்தக் கேமராவில் 1600 சுத்தமாக வரும், 6400இல் முகமெல்லாம் மணல் தூவியதுபோல் இருக்கும். விஆர் உன் கையை நிலைநிறுத்துமே தவிர, ஓடுகிற பிள்ளையை நிறுத்தாது. 1/1000இல் அது இருந்தும் பெரிய பயனில்லை. அதோடு 2.8இல் பின்னால் நிற்கும் வேன்களும் கம்பிவேலியும் மங்கிப்போய், பிள்ளை மட்டும் தனித்துத் தெரிவாள்.

மஸ்கட் அண்ணன்: லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் 2 எக்ஸ் கன்வர்ட்டர் போட்டால் 400 கிடைக்குமே மாமா?

தக்கலை மாமா: கிடைக்கும். ஆனால் இரண்டு படி வெளிச்சம் போய், 2.8 மறுபடியும் 5.6 ஆகிவிடும்.

கருங்கல் அக்கா: நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கால்பந்து என்றால் உயிர். இரவிபுத்தன்துறையிலிருந்து மைக்கேல் சூசைராஜ் இந்திய சூப்பர் லீக் வரைக்கும் போனார். நாளைக்கு நம் பிள்ளையும் போனால், காட்டுவதற்குச் சிறுவயதுப் படம் ஒன்று வேண்டாமா?

குளச்சல் சித்தி: அதற்குத்தான் இவ்வளவும். அவள் அப்பா இருந்திருந்தால் முதல் ஆளாகக் கோட்டோரம் நின்றிருப்பார்.

பெரியப்பா: நின்றிருப்பான்.

கருங்கல் அக்கா: 🙏

நான்: சித்தி, கட்டாயம் எடுத்துத் தருகிறேன். ஆனால் பன்னிரண்டாயிரம் குறைகிறது.

மஸ்கட் அண்ணன்: ஐந்தாயிரம் அனுப்புகிறேன்.

கருங்கல் அத்தான்: மீதி ஏழாயிரத்தை நான் தருகிறேன். பழைய லென்ஸ் என் கையில் இருந்தபோதுதான் பூஞ்சை பிடித்தது. கல்யாணப் படம் எடுத்துவிட்டு, மழைக்காலத்தில் தோல் உறையோடு அலமாரியில் வைத்துவிட்டேன். கண்ணாடிக்குள் நூல் நூலாகப் படர்ந்த பிறகுதான் பார்த்தேன். ஆறு ஆண்டாக இதை நேரில் சொல்ல முடியவில்லை, பெரியப்பா.

குளச்சல் சித்தி: சொன்னீர்களே, அது போதும்.

தக்கலை மாமா: கடற்கரைக் காற்றில் யாருக்கும் நேரக்கூடியதுதான் இது. ஈரப்பதம் நாற்பது, ஐம்பது சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். தோல் உறையில் ஒருபோதும் வைக்கக்கூடாது. ரப்பர் விளிம்புள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் ஈரப்பதமானியும் போட்டு வைத்தால் போதும். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்திக்கொள்ளலாம். ஆட்டம் முடிந்ததும் லென்ஸின் வெளிப்புறத்தைச் சற்று ஈரமான துணியால் துடைத்து உப்பை எடுத்துவிட வேண்டும்.

நான்: நாகர்கோவில்காரரிடம் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

தக்கலை மாமா: டார்ச் கொண்டு போ. இரண்டு மூடிகளையும் கழற்று. துளை வளையத்தை 2.8க்குத் திருப்பினால் துளை முழுவதும் திறந்துகொள்ளும். பிறகு ஒரு பக்கமிருந்து டார்ச்சைச் சாய்வாக அடித்து மறுபக்கம் பார். தூசி நாலைந்து இருந்தால் கவலையில்லை. சிலந்தி வலைபோல் நூலோ, பால் ஏடுபோல் மூட்டமோ தெரிந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். துளைத் தகடுகளில் எண்ணெய் படிந்திருக்கக்கூடாது. பிறகு கேமராவில் மாட்டி, தெருவில் போகும் பைக்குகளைத் தொடர்ந்து எடுத்துப் பார். மாட்டும்போது வளையத்தை 22இல் வைத்துப் பூட்ட மறந்தால் கேமரா எஃப்இஇ என்று காட்டும், லென்ஸ் கெட்டுவிட்டது என்று பயப்படாதே. 200இல் 2.8 திறந்து நிலையான எழுத்துப் பலகை ஒன்றையும் எடு. ஃபோகஸ் முன்னோ பின்னோ விழுந்தால் டி7000இன் மெனுவிலேயே திருத்தலாம். எடை 1300 கிராம், ஆகவே ஒற்றைக்கால் ஸ்டாண்டு ஒன்று வேண்டும், என்னிடம் இருப்பதைத் தருகிறேன்.

பெரியப்பா: முப்பத்திரண்டாயிரம் பெரிய தொகை. ஒரு நாளுக்கு வாடகை எடுத்தால் போதாதா?

நான்: அவரிடமே கேட்டேன் பெரியப்பா. சனிக்கிழமை மாலை பயிற்சி ஆட்டத்துக்கு வாடகைக்குத் தருகிறார், பிடித்தால் வாடகையை விலையில் கழித்துக்கொள்வதாகச் சொல்கிறார்.

தக்கலை மாமா: அதுவே சரி. ஓடுகிற ஆளைத் தொடர்ந்து பிடிக்கும் கன்டினியூவஸ் ஃபோகஸில் நடுப் புள்ளியை வைத்து, வினாடிக்கு ஆறு படம் ஓடவிடு. அதே ஆட்டத்தில் ஆறு மணிக்கு மேல் எடுத்ததை இங்கே போடு, பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

குளச்சல் சித்தி: வாங்கினால் யார் வீட்டில் இருக்கும்?

பெரியப்பா: அதைப் பிறகு பேசலாம்.

கருங்கல் அத்தான்: சனிக்கிழமை நாகர்கோவிலுக்கு நான் வண்டியில் கூட்டிக்கொண்டு போகிறேன், தம்பி. இரண்டு மணிக்கு வரட்டுமா?

நான்: சரி அத்தான். முதலில் மேலவிளைக்குப் போய்க் கேமராவை எடுக்க வேண்டும்.

பெரியப்பா: பேட்டரி இரண்டும் சார்ஜில் போட்டிருக்கிறேன். இரண்டு பேருமாகச் சாப்பாட்டுக்கு வந்துவிடுங்கள்.

குளச்சல் சித்தி: ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். சின்னக்குட்டியின் சட்டை எண் மாறியிருக்கிறது, இப்போது 7.