தவிலுக்குப் பக்கத்தில் ஓர் இடம்

குழு: திருமங்கலம் வீட்டுச் சொந்தங்கள்

தம்பி (கோரிப்பாளையம்), இரவு 8.10
பெரியப்பா, வைகாசிக் கல்யாணத்துக்கு மண்டபம் பேசி முடித்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. போன தையில் திருப்பரங்குன்றத்தில் கெட்டிமேளம் முழங்கியபோது, அக்கா மகள் மேடைப் பலகையில் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்துக் கண்ணை மூடியிருந்தாள். அழுக்கென்று சொல்லி அவளைத் தூக்கி வந்தவன் நான்தான். பிறவியிலேயே காது கேளாத அந்தப் பிள்ளை அப்போது மேளத்தைக் கைகளால் வாங்கிக்கொண்டிருந்தாள் என்பது இப்போதுதான் புரிகிறது, மனது ஆறவில்லை.

பெரியப்பா (திருமங்கலம்), 8.14
என்ன செய்ய வேண்டும் என்று சொல், தம்பி.

தம்பி, 8.31
இசையை உடம்பில் உணர வைக்கும் சட்டைகளைப் பற்றி ஒரு வாரமாகப் படித்து வருகிறேன். லண்டனைச் சேர்ந்த கியூட்சர்க்யூட் நிறுவனம் 2016இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர இளையோர் இசைக்குழுவுக்காக அப்படியொரு சட்டையைச் செய்தது. மேடை மைக்குகள் பிடிக்கும் ஒலியைக் கணினி பிரித்து அனுப்ப, வயலின் கைகளிலும் முரசு முதுகிலும் துடிக்கும்படி சிறு மோட்டார்களை அதில் பொருத்தியிருந்தார்கள்.

அக்கா (வில்லாபுரம்), 8.36
காது மிஷின் வைத்தும் அவளுக்குப் பயனில்லை என்பது உனக்குத் தெரியும். சட்டை போட்டால் கேட்டுவிடுமா? இன்னொரு முறை நம்பி ஏமாற என்னால் முடியாது, தம்பி.

தம்பி, 8.52
கேட்காது அக்கா, அதை மறைக்க மாட்டேன். காது நொடிக்கு 20 முதல் 20,000 வரை அதிர்வுகளைப் பிடிக்கும். தோலுக்கு எட்டுவது ஏறத்தாழ 1,000 வரைதான், அதிலும் 250ஐ ஒட்டியவையே நன்றாகப் படும். ஆகவே தவிலில் கழி விழும் அடி அவள் நெஞ்சுக்கூட்டில் இறங்கும், நாகசுரத்தின் மேல்சுரங்கள் மங்கலாகவே எட்டும், பாட்டின் சொற்கள் வரவே வராது. ஆனால் பிறவியிலிருந்து கேளாதவர்களின் கையில் அதிர்வு பட்டபோது, மூளையில் ஒலிக்கென உள்ள பகுதியே விழித்துக்கொண்டதை டீன் ஷிபாட்டா என்ற அமெரிக்க மருத்துவர் 2001இல் ஸ்கேன் படங்களோடு அறிவித்தார். பலகையில் கை வைத்திருந்தபோது அவள் முகம் எப்படி இருந்தது என்பதை நான் கண்ணால் பார்த்தவன்.

மதினி, 8.55
சட்டை வெளிநாட்டிலிருந்து அல்லவா வரவேண்டும்?

தம்பி, 9.04
இப்போதைக்குச் சட்டை வேண்டாம், மதினி. காது கேளாத ஸ்காட்லாந்து தாளக் கலைஞர் ஈவ்லின் கிளென்னி, தரையின் அதிர்வு காலில் ஏறுவதற்காகச் செருப்பில்லாமல் நின்று வாசிக்கிறார். பிள்ளையைத் தவில்காரருக்குப் பக்கத்தில் வெறுங்காலோடு உட்கார வைத்து, மடியில் ஊதிய பலூன் ஒன்றைக் கொடுத்தால் போதும். பலூனின் தோல் மேளத்துக்கு நடுங்குவதை விரல் நுனியிலேயே அறியலாம்.

பெரியப்பா, 9.20
மண்டபத்தில் சிமெண்டுத் தரை; அது அதிராது. மேளக்காரர்களுக்குப் பலகை மேடை போட்டு, மேலே ஜமுக்காளம் விரிக்காமல் விடச் சொல்கிறேன். தவில்காரரிடமும் பேசிவிட்டேன், கழி விழும் பக்கம் உட்காரட்டும் என்றார்.

அக்கா, 9.41
அவளிடம் சைகையில் எல்லாவற்றையும் சொன்னேன். தாலி கட்டும்போது அடிப்பதும் அந்த மேளம்தானா என்று கேட்டாள், ஆமாம் என்றேன். இப்போது என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, போன கல்யாணத்துக் கெட்டிமேளத்தை இரண்டு கையாலும் என் முதுகில் அடித்துக் காட்டிக்கொண்டிருக்கிறாள்.