விஎம்சி மெஷின் ப்ரோக்ராம் நடுவில் நின்றுவிடுகிறது, உதவி தேவை

கோவை கணபதியில் சின்ன ஜாப் ஒர்க் பட்டறை. செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2007 மாடல் விஎம்சி (கம்ப்யூட்டர் ப்ரோக்ராமில் ஓடும் மில்லிங் மெஷின்), ஜப்பான் கன்ட்ரோலர், மெமரி 256 கேபி, வெளியே இருப்பது ஆர்எஸ்-232 என்ற பழைய சீரியல் போர்ட் ஒன்றுதான். டிசைனிலிருந்து மெஷின் ப்ரோக்ராம் போடும் கேம் (CAM) சாஃப்ட்வேர் வாங்கி, பம்ப் இம்பெல்லர் பேட்டர்னுக்கு (வார்ப்புக்கான மாதிரி) 3டி ப்ரோக்ராம் போட ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. ஃபைல் 4 எம்பி, அதனால் லேப்டாப்பிலிருந்து யூஎஸ்பி கன்வெர்ட்டர் வழியாக டிரிப் ஃபீட், அதாவது ப்ரோக்ராமைக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பிக்கொண்டே ஓட்டுவது. இருபது, இருபத்தைந்து நிமிடம் நன்றாக ஓடும், அப்புறம் 'பஃபர் ஓவர்ஃப்ளோ' (வரும் டேட்டாவை வைக்க மெஷினில் இடம் இல்லை) அலாரம் வந்து டூல் ஜாப் மேலேயே நிற்கும். விட்ட இடத்திலிருந்து ஓட்டினால் மேற்பரப்பில் கோடு விழுகிறது, கையால் தேய்த்தே தோள்பட்டை போச்சு.

டேட்டா அனுப்பும் வேகமான பாட் ரேட்டை 9600லிருந்து 4800க்குக் குறைத்தேன். ஷீல்டு கேபிள் புதிதாக அடித்தேன், எர்த்திங் பார்த்தாச்சு, வேறு லேப்டாப்பும் மாற்றியாச்சு. டேட்டாவை 'நிறுத்து', 'அனுப்பு' என்று சொல்லும் எக்ஸ்ஆன்/எக்ஸ்ஆஃப் இரண்டு பக்கமும் ஆனில்தான் இருக்கிறது. மெமரியில் ஏற்றி ஓட்டும் சின்ன ப்ரோக்ராமில் தொந்தரவே இல்லை. விற்றவர் போன் எடுப்பதில்லை. மெஷின்களையெல்லாம் நெட்டில் இணைக்கும் இன்டஸ்ட்ரி 4.0 என்று எல்லோரும் பேசுகிறார்கள், எனக்கு ஒரு கேபிளைத் தாண்ட முடியவில்லை.

கன்வெர்ட்டரைத் தூக்கிவிட்டு, பழைய டெஸ்க்டாப்பில் சீரியல் கார்டு போட்டு ஓட்டினால் இந்த அலாரம் வருவது நிற்குமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.