பர்மா நடைப் புத்தகம்: பெயர் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கானாடுகாத்தானில் ஆயா வீட்டு இரண்டாங்கட்டு அலமாரியில் ஒரு புத்தகம் கிடைத்தது. அட்டை இல்லை. நாவலா, சுயசரிதையா என்றுகூடப் பிடிபடவில்லை.

1942. ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடிக்க வருகிறான். கிட்டங்கியில் (செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய இடம்) கணக்கெழுதும் பையன் பேரேட்டை வயிற்றோடு கட்டிக்கொண்டு எல்லை ஊரான தமு வழியாக மணிப்பூருக்கு நடக்கிறான். வழியில் முதலாளி கொலையாகிறார். அப்புறம் அசல் துப்பறியும் கதைதான். 9-ஆம் பக்கத்தில் தொடங்கி, கொன்றவன் யார் என்று சொல்லப்போகிற 184-இல் கிழிந்திருக்கிறது. வயிற்றெரிச்சல்! 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு, பழைய கொம்பு ‘லை’, ‘னை’ எல்லாம் இருக்கிறது.

காரைக்குடிப் பழைய புத்தகக் கடைகளில் கேட்டாயிற்று. நம்ம கோட்டையூரில் தொடங்கி இப்போது சென்னையில் இருக்கும் ரோஜா முத்தையா நூலகப் பட்டியலிலும் தேடினேன். தலைப்புத் தெரியாமல் ஒன்றும் நடக்கவில்லை.

இதன் தலைப்போ ஆசிரியர் பெயரோ யாருக்காவது தெரியுமா?