வலி மரக்கிற ஊசி போடாமல் பிரசவ வலியை எப்படித் தாங்கினீர்கள்?

தஞ்சாவூர் அக்கா:

வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்தாச்சு, ஆனால் வலியை நினைத்தால் தூக்கம் வரவில்லை என்று தங்கை எழுதியிருந்தாள். நானும் அப்படித்தான் கிடந்தேன். என் கதையைச் சொல்கிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளம்மா.

2017, தலைப்பிரசவம். தேதிக்கு நாலு நாள் முன்னால், ராத்திரி பதினோரு மணிக்கு அடிவயிறு இறுக்கிப் பிடித்தது. பாட்டி பதறவே இல்லை. சீரகத்தை வறுத்துக் கொதிக்கவிட்டு, கருப்பட்டி தட்டிப் போட்டு ஒரு டம்ளர் கொடுத்தார். "சூட்டு வலின்னா இதுல அடங்கிடும், புள்ள வலின்னா ஏறும்." கஷாயத்தைவிட, அதைக் குடித்துவிட்டு ஒரு மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்து பார்த்ததுதான் உதவியது என்பேன். பொய் வலி என்றால் பெரும்பாலும் கொஞ்சம் நடந்தாலோ படுத்தாலோ தளர்ந்துவிடும். நிஜ வலி நெருங்கி நெருங்கி வரும், கூடிக்கொண்டே போகும். எனக்கு 12 நிமிடத்துக்கு ஒன்று என்று வந்தது, விடியும்போது 6 நிமிடத்துக்கு வந்துவிட்டது.

அதுவரை வீட்டிலேயே இருந்தது நல்லதாய்ப் போயிற்று. முற்றத்தில் நடந்தேன், இரண்டு இட்லி சாப்பிட்டேன், வலி வந்தால் திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு இடுப்பை ஆட்டினேன். ஒரு வலி ஏறக்குறைய ஒரு நிமிடம்தான். அப்புறம் சில நிமிடம் ஒன்றுமே இருக்காது. அடுத்தது எப்போது வருமோ என்று பயந்தே அந்த ஓய்வை முதலில் வீணடித்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனதும் மல்லாக்கப் படுக்கச் சொன்னார்கள். முதுகு பிளந்தது. பிள்ளையின் முகம் வயிற்றுப் பக்கம் பார்த்திருந்ததாம். பின்மண்டை முதுகெலும்புப் பக்கம் அழுத்தினால் வலி பெரும்பாலும் முதுகில் தெரியுமாம். டியூட்டி மாறி வந்த நர்ஸ் அக்காதான், "மல்லாக்க எதுக்கும்மா கிடக்குற? எழுந்து முட்டி போடு" என்றார். கட்டில் மேல் முட்டி போட்டு, தலையணைகளைக் கட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தேன். அம்மா உள்ளங்கையின் அடிப்பக்கத்தை இடுப்புக்குக் கீழே, பிட்டம் பிரிகிற இடத்துக்குச் சற்று மேலே வைத்து, சப்பாத்தி மாவை ஊன்றுவது போல ஊன்றினார். தேய்க்கவில்லை, ஊன்றி அழுத்தினார். வலி வந்தால் அழுத்து, போனால் கையை எடு. வலி போகவில்லை, ஆனால் தாங்க முடிந்தது. மறுநாள் அம்மாவுக்கு மணிக்கட்டு வீங்கியிருந்தது.

மூச்சும் அந்த நர்ஸ் சொல்லித் தந்ததுதான். "பல்லைக் கடிக்காதே, வாயைத் தளர விடு, ம்ம்ம்னு முனகு." கத்தினால் மூச்சு மேலேயே நின்றுவிடுகிறது, முனகினால் நீளமாக வெளியே போகிறது. நாலு எண்ணி இழு, ஆறு எண்ணி விடு என்றெல்லாம் வகுப்பில் படித்திருந்தேன். அந்த நேரத்தில் எண்ண வரவில்லை, முனகத்தான் வந்தது. கருப்பை வாய் 8 சென்டிமீட்டர் திறந்தபோது கால் உதறி, வாந்தி எடுத்து, "என்னால முடியாது, ஆபரேஷன் பண்ணிடுங்க" என்று அழுதேன். நர்ஸ் சிரித்தார். இப்படி அழுகிறார்கள் என்றால் அநேகமாகக் கடைசிக் கட்டம்தானாம். ஒன்றரை மணி நேரத்தில் மகள் வந்துவிட்டாள்.

மதுரையிலிருந்து:

அக்கா, உங்களுக்கு அம்மா உள்ளே இருந்தார். என் முதல் பிரசவத்தில் யாரையும் விடவில்லை. ஒன்பது மணி நேரம் சுவரில் இருந்த ஃபேன் சுவிட்சையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். வலியைவிட அந்தத் தனிமைதான் இன்னும் நினைவில் இருக்கிறது. பெண் விரும்புகிற ஒருவர் துணைக்கு இருக்கட்டும், சிக்கல் இல்லாதவர்கள் நடக்கட்டும், குடிக்கட்டும் என்று உலக சுகாதார நிறுவனமே 2018 பரிந்துரைகளில் சொல்லியிருக்கிறது. இரண்டாவதுக்கு எட்டாம் மாதமே வேறு இடத்தில் போய் மூன்றும் கேட்டேன்: யார் வரலாம், நடக்க விடுவீர்களா, தண்ணீர் குடிக்கலாமா? சரி என்ற பிறகுதான் பதிவு செய்தேன். அங்கே பாத்ரூமில் ஸ்டூலைப் போட்டு நான் உட்கார்ந்திருக்க, என் வீட்டுக்காரர் வெதுவெதுப்பான தண்ணீரை மக்கில் மொண்டு முதுகில் ஊற்றிக்கொண்டே இருந்தார். நாலு வாளி. அவர் லுங்கி நனைந்ததுதான் மிச்சம் என்று இன்றும் சொல்வார்!

கோவையிலிருந்து:

நான் மாற்றுக் கருத்துதான் சொல்லப் போகிறேன். நடை, முட்டி போடுவது, வெந்நீர் எல்லாம் செய்தேன். பதினாலு மணி நேரம் ஆகியும் 5 சென்டிமீட்டர். வலி மரக்க முதுகில் போடும் ஊசியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன், இரண்டு மணி நேரம் தூங்கினேன், சுகப்பிரசவம்தான். "ஊசி போட்டுக்கிட்டியா?" என்று இழுத்துக் கேட்ட சொந்தங்களுக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

இன்னொன்று, சீரகத் தண்ணீர் குடியுங்கள், ஆனால் வலி வரவழைக்கிறேன் என்று யாராவது விளக்கெண்ணெய் கொடுத்தால் வேண்டாம். என் சித்தி கொடுத்து, நான் வயிற்றுப்போக்கில் துவண்டு, கடைசியில் டிரிப்ஸ்தான் ஏறியது. ரத்தம் போனாலோ, பனிக்குடம் உடைந்து தண்ணீர் பச்சையாக வந்தாலோ, பிள்ளை அசைவு குறைந்தாலோ வீட்டில் நடந்து பார்க்கிற வேலையே கூடாது, உடனே 108.

கேட்ட தங்கை:

அக்காக்களே, அம்மாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். நேற்று ராத்திரியே என்னை முட்டி போடச் சொல்லி முதுகில் கையை வைத்துப் பார்த்துவிட்டார். "இங்கயா, இன்னும் கீழயா?" என்று இன்று காலையிலிருந்து நாலு தடவை கேட்டுவிட்டார்.