ஒழுகல அடைக்கப் போய் மொத்த மாடியையும் இடிக்கச் சொல்றாங்க, என்ன பண்றது?

கேள்வி:
கும்பகோணத்துல தாத்தா கட்டின வீடுங்க, மெட்ராஸ் டெரஸ்னு சொல்ற பழைய மாடிக் கூரை, தேக்கு கட்டைக்கு மேல செங்கல் அடுக்கி ஒட்டினது. கூடத்து மூலைல ஒழுகுதுன்னு கொத்தனார கூப்டேன், ரெண்டு நாள் வேலைன்னாரு. மேல பதிச்ச தட்டோட்ட (தட்டையான ஓடு) பேத்தா அடியில சுண்ணாம்பு ஜல்லி நமுத்துக் கெடக்கு, அத எடுத்தா சுவத்துக்குள்ள போற கட்டை முனை உளுத்துப் போயிருக்கு, சுவத்த கொத்தினா பழைய வயரிங் பொடிஞ்சு வருது, இப்போ எல்லாத்தையும் இடிச்சு கான்கிரீட் போட்டுடலாம்ங்கிறாரு. அம்மா கல்யாணமாகி வந்து ஏறின கூடம், மனசு வரல.

பதில் 1:
தயவுசெஞ்சு இடிக்காதீங்க. முன்னாடி யாராச்சும் மேல சிமெண்ட் பூசினாங்களா? சுண்ணாம்பு ஈரத்த வாங்கி திரும்ப வெளிய விடும், சிமெண்ட் அவ்ளோ லேசுல விடாது, ஈரம் உள்ளயே நின்னு சுவத்துல சொருகின கட்டை முனைய அரிச்சிடும்.

கேட்டவர்:
ஆமாங்க, 2009ல அப்பா பூசினாரு!

பதில் 2:
எங்க வீட்லயும் இதே கதைதான். உளுத்த முனைய மட்டும் வெட்டிட்டு ரெண்டு பக்கமும் இரும்பு சேனல் வெச்சு போல்ட் போட்டோம். முட்டு குடுக்காம கட்டைய தொடவே விடாதீங்க, மேல இருக்கிற செங்கல் மொத்தமா எறங்கிடும். அப்புறம் செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு, கடுக்காய் வெல்லத் தண்ணி தெளிச்சு நாள்கணக்கா கட்டையால அடிச்சு, தண்ணி ஓட வாட்டம் வெச்சு தட்டோடு பதிச்சாங்க. மூணு மழைக்காலம் தாண்டியாச்சு, சொட்டு இல்ல. காரைக்குடி பக்கம் சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச ஆளுங்க இருக்காங்க, கூட்டிட்டு வாங்க.

பதில் 3:
வயரிங்க மட்டும் தள்ளிப் போடாதீங்க, மரக் கட்டை இருக்கிற வீடு.