சனி, ஞாயிறும் படித்தால்தான் வெப் டெவலப்பராகத் தாக்குப்பிடிக்க முடியுமா?

கூழைக்கடா:
சென்னையில் ஃப்ரண்ட்எண்ட் வேலை, அதாவது வெப் தளத்தில் பயனர் பார்க்கும் பகுதியை எழுதுவது. ஒன்பது வருட அனுபவம், வயது முப்பத்திரண்டு. இந்த முறை அப்ரைசலில் மேனேஜர் சொன்னது: “வேலையில் குறையே இல்லை. ஆனால் கோட் ஏற்றிவைக்கும் உங்கள் கிட்ஹப் பக்கம் காலியாகக் கிடக்கிறது. ஆபீசுக்கு வெளியே எதுவும் கற்றுக்கொள்வதாகத் தெரியவில்லை. இப்படியே இருந்தால் அடுத்த கட்டம் கஷ்டம். பேசாமல் டீம் லீட் ஆகிவிடுங்கள், கோட் எழுதும் தொல்லை குறையும்.”

என் சனி, ஞாயிறு எங்கே போகிறது என்றால், காலையில் பெரும்பாக்கம் ஏரி அல்லது பள்ளிக்கரணை. பறவை பார்க்கப் போவேன். ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கு எங்கள் ஏரியாப் பட்டியலை நான்தான் ஏற்றுவேன். மதியம் தூக்கம், சாயங்காலம் அம்மாவோடு கடைத்தெரு. இதில் படிப்பைத் திணிக்க எனக்கு விருப்பமில்லை. வேலை நேரத்துக்கு வெளியே படிக்காமல் ஐம்பது வயது வரை இந்தத் தொழிலில் ஓட்ட முடியுமா? லீட் ஆவது தப்பிக்கும் வழியா?

செமிகோலன்:
முடியாது. பதினேழு வருடமாக இந்தத் துறையில் இருக்கிறேன், இப்போது ஆள் எடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் முகத்துக்கு நேராகச் சொல்கிறேன்.

வெப் தளம் கட்டும் கருவியான ஆங்குலர்ஜேஎஸ் 2010இல் வந்தது. 2016இல் ஆங்குலர் 2 என்று முழுக்க மாற்றி எழுதினார்கள். 2021 முடிவோடு பழையதற்கு ஆதரவும் நின்றுபோனது. அதை மட்டுமே நம்பி வந்தவர்களை நேர்காணல் செய்திருக்கிறேன். நல்ல உழைப்பாளிகள். அதே மாதிரி இன்னொரு கருவியான ரியாக்ட்டில் வந்த ஹூக்ஸ் வசதி பற்றிக் கேட்டால், “எங்கள் ப்ராஜெக்ட்டில் அது வரவில்லை” என்பார்கள். அது 2019இலேயே வந்துவிட்டது. அதற்கு முன்னால், பிரவுசரில் அனிமேஷனும் வீடியோவும் ஓட்டிய ஃப்ளாஷை நம்பியவர்கள் கதை. ஐபோனில் ஃப்ளாஷுக்கு இடமில்லை, ஏன் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் 2010இல் பகிரங்கமாகவே எழுதினார். ஃப்ளாஷை நடத்திவந்த அடோப் நிறுவனம் 2020 டிசம்பர் 31உடன் அந்தக் கடையைக் கட்டியது. நடுவில் பத்து வருடம் இருந்தும் அசையாமல் உட்கார்ந்தவர்கள் உண்டு.

பறவை பாருங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் அதைப் பார்த்துவிட்டு வந்து சம்பளம் ஏறவில்லையே என்று புலம்பாதீர்கள்.

அடைப்புக்குறி:
செமிகோலன், நீங்கள் சொன்ன உதாரணமே உங்களுக்கு எதிராக நிற்கிறது. பத்து வருடம் என்றால் சுமார் இரண்டாயிரத்து ஐந்நூறு வேலை நாள். அத்தனை நாளில் வேலை நேரத்திலேயே ஒரு புது விஷயம் கற்க ஒருவருக்கு வாய்ப்பு கிடைக்கவில்லை என்றால் தப்பு அவர் ஞாயிற்றுக்கிழமையிலா இருக்கிறது?

நான் கோயம்புத்தூரில், பன்னிரண்டு வருடமாக இதே வேலை. போன தீபாவளி விற்பனை இரவில் எங்கள் தளத்தில் சிலருக்குப் பழைய விலை, சிலருக்குப் புது விலை தெரிந்தது. டீமில் இருவர் ரியாக்ட் ஸ்டேட்டைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் விலை காட்டும் காம்பொனென்ட்டையே மாற்றி எழுத ஆரம்பித்துவிட்டார். நான் பிரவுசரின் நெட்வொர்க் டேபைத் திறந்து, சர்வர் பதிலோடு அனுப்பும் குறிப்பான ரெஸ்பான்ஸ் ஹெட்டரைப் பார்த்தேன். கேஷ்-கண்ட்ரோல், மேக்ஸ்-ஏஜ் 86400 வினாடி. அதாவது, ஒரு நாள் முழுக்க இதே பதிலை வைத்துக்கொள் என்று பிரவுசருக்கும், தளத்தின் நகலைப் பயனர்களுக்கு அருகில் வைத்திருக்கும் சர்வர்களான சிடிஎன்னுக்கும் நாமே சொல்லி வைத்திருக்கிறோம். சிடிஎன்னில் சேமித்து வைத்திருந்த நகலை, அதாவது கேஷைத் துடைத்தோம். வாடிக்கையாளர் பிரவுசரில் இருப்பதை இங்கிருந்து துடைக்க முடியாது, அதனால் தளத்துக்கு விலையைத் தரும் ஏபிஐயின் முகவரியில் ஒரு வெர்ஷன் எண்ணைச் சேர்த்தோம். அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டது.

அந்த ஹெட்டர், பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான எச்டிடிபி 1.1உடன் 1997இல் வந்தது. ரியாக்ட்டை விடப் பதினாறு வயது மூத்தது. வருடா வருடம் மாறுவதாக நீங்கள் பயமுறுத்துவது மேல்பூச்சு. அடியில் இருப்பது மெதுவாகத்தான் மாறுகிறது.

செமிகோலன்:
நல்ல கதை. அந்த ஹெட்டரை எப்போது கற்றீர்கள், சனிக்கிழமையா, செவ்வாய்க்கிழமையா?

அடைப்புக்குறி:
செவ்வாயோ புதனோ, ஆபீஸ் நாளில்தான். முதல் கம்பெனியில் ஒரு சீனியர் அண்ணா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து ஹெட்டர் ஹெட்டராகக் காட்டினார். அதுவும் வேலைதான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இப்போது சீனியர் அவர் வீட்டில், ஜூனியர் இவர் வீட்டில். ஆபீஸ் சாட்டான ஸ்லாக்கில் கேள்வி கேட்டால் முட்டாள் என்று நினைப்பார்களோ என்று பயந்து பிள்ளைகள் ஏஐயிடம் போய்க் கேட்கிறார்கள்.

இன்னொன்று. எங்கள் ஆபீசில் வார இறுதியில் சைட் ப்ராஜெக்ட் செய்கிறவர்கள் யார் யார் என்று பட்டியல் எடுங்கள். வீட்டில் வேறு யாரோ சமைத்துப் போட்டு, பிள்ளையையும் குளிப்பாட்டிவிடுகிற வசதி உள்ளவர்களின் பட்டியலும் கிட்டத்தட்ட அதுவாகத்தான் இருக்கும். அதைத் திறமை என்று அப்ரைசல் படிவத்தில் எழுதுகிறார்கள்.

புதுசு:
அக்கா, நீங்கள் சொல்வது எல்லாம் உள்ளே நுழைந்தவர்களுக்குச் சரி. நான் படிப்பு முடித்து ஒரு வருடம் ஆகிறது. கூழைக்கடா அண்ணாவுக்கு ஒன்பது வருட அனுபவக் கடிதம் இருக்கிறது. எனக்கு கிட்ஹப் மட்டும்தான் இருக்கிறது. சைட் ப்ராஜெக்ட் இல்லை என்றால் நேர்காணலுக்கே கூப்பிடுவதில்லை.

அடைப்புக்குறி:
சரி தம்பி, என்ன என்ன செய்து வைத்திருக்கிறாய்?

புதுசு:
டூடூ ஆப், வானிலை ஆப், நெட்ஃப்ளிக்ஸ் மாதிரி ஒன்று.

செமிகோலன்:
தம்பி, என் மேஜைக்கு வருகிற ரெஸ்யூமேயில் பாதிக்கு மேல் இந்த மூன்றும்தான். ஒரே யூட்யூப் வீடியோவைப் பார்த்துச் செய்தது என்று நிறத்திலேயே தெரிகிறது. உங்கள் தெருவில் யாராவது உண்மையாகப் பயன்படுத்துகிற ஒன்றைச் செய்யுங்கள். தண்ணீர் கேன் போடுகிறவருக்கு யார் யார் எத்தனை கேன் பாக்கி என்று ஒரு பக்கம் போட்டுக் கொடுங்கள். அவருடைய விலை குறைந்த ஆண்ட்ராய்டில் கீபோர்டு எழும்பி வந்து சேமிக்கும் பட்டனை மறைக்கும். அதைச் சரிசெய்த கதையோடு வாருங்கள், நான் முக்கால் மணி நேரம் பேசுவேன்.

பொருநைக்காரன்:
திருநெல்வேலியிலிருந்து எழுதுகிறேன். கம்பெனியை விட்டு ஃப்ரீலான்ஸ் வந்து சில வருடம் ஆகிறது. இங்கே ரியாக்ட்டை யாரும் கேட்பதில்லை. ஜவுளிக்கடை, மருத்துவமனை, கல்யாண மண்டபம், எல்லாம் அதிகம் கோட் எழுதாமல் தளம் அமைக்கும் வேர்ட்பிரஸ்தான். 2003இல் வந்த வேர்ட்பிரஸ், அது எழுதப்பட்ட மொழி 1995இல் வந்த பிஎச்பி. உலகத்தில் உள்ள தளங்களில் 40 சதவீதத்துக்கு மேல் இன்னும் வேர்ட்பிரஸில்தான் ஓடுகிறது. அதனால் பழசு செத்துப்போகும் என்று செமிகோலன் சார் சொல்வதை முழுசாக நம்ப வேண்டாம்.

அதற்காக இங்கே வந்துவிடுங்கள் என்று கூப்பிடவும் மாட்டேன். ஃப்ரீலான்ஸில் ஆபீசுக்கு உள்ளே, வெளியே என்ற எல்லையே கிடையாது. டொமைனைப் புதுப்பிக்கச் சொல்லி இரண்டு முறை மெயில் போட்டிருப்பேன், பார்த்திருக்க மாட்டார். தளம் நின்றதும் ராத்திரி பதினொரு மணிக்கு போன் வரும். போன ஆவணியில் ஒரு கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊற்றும்போது பக்கத்து இலைக்காரர் திரும்பி, “தம்பி, அந்த பேனர் போட்டோவைக் கொஞ்சம் மாற்றணுமே” என்றார். பாக்கிப் பணத்தைப் பற்றி மட்டும் பந்தி முடிகிற வரை வாயே திறக்கவில்லை.

கூழைக்கடா:
எல்லோருக்கும் நன்றி. லீட் வேலையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே?

செமிகோலன்:
சொல்கிறேன். லீட் ஆனால் படிக்க வேண்டியதில்லை என்று யாரோ உங்களை நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள். எஸ்டிமேட், லீவு அப்ரூவல், இரண்டு பேர் சண்டை, அப்புறம் கிளையன்ட் கால். நியூயார்க் கிளையன்ட்டின் காலை பதினோரு மணி நமக்கு இரவு 8.30. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தைப் பின்னால் தள்ளியதும் அது 9.30 ஆகும். மார்ச் வரை என் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு அமெரிக்கக் கடிகாரப்படிதான். நீங்கள் குறைந்தபட்சம் இப்போது ஐந்தரைக்கு எழுந்து ஏரிக்குப் போகிறீர்கள். லீட் ஆனபின் அந்நேரம்தான் அசந்து தூங்குவீர்கள்.

அடைப்புக்குறி:
அப்படியானால் நாம் ஒரே கட்சிதானே? இரவு அழைப்பை எடுக்காமலிருக்கும் உரிமை பிரான்சில் 2017 முதலும் ஆஸ்திரேலியாவில் 2024 முதலும் சட்டத்தில் இருக்கிறது. இங்கே எம்.பி. சுப்ரியா சுலே இதற்காக மக்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை.

செமிகோலன்:
இல்லை அம்மா, ஒரே கட்சி இல்லை. நீங்கள் சட்டம் வரும், கம்பெனி மாறும் என்கிறீர்கள். அதுவரை வீட்டுக் கடன் தவணையை யார் கட்டுவது? நாளைக்கு வேலை போனால் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பது என்னைப் போன்ற ஆள்தான். தவறான கேள்வியாகக்கூட இருக்கலாம், ஆனால் அதைத்தான் கேட்பேன். என் மேலே இருப்பவர் என்னிடம் அதைத்தான் கேட்கிறார்.

அடைப்புக்குறி:
தவறான கேள்வி என்று தெரிந்தும் கேட்பேன் என்கிறீர்களே, அதைக் கொஞ்சம் யோசியுங்கள். ஆள் எடுக்கும் இடத்தில் இருப்பது நீங்கள்.

கூழைக்கடா:
சண்டை வேண்டாம். நேற்று மேனேஜரிடம் பேசிவிட்டேன். லீட் வேண்டாம் என்றேன். அதற்குப் பதிலாக ஒவ்வொரு புதன் மதியமும் இரண்டு மணி நேரம் படிப்புக்கு, அதுவும் டீமின் குறுகிய கால வேலைத் திட்டமான ஸ்பிரிண்ட் கணக்கிலேயே டாஸ்க்காகப் போட வேண்டும் என்று கேட்டேன். கொஞ்சம் முகம் சுளித்தார், ஆனால் ஒத்துக்கொண்டார். முதலில் கேஷிங், அப்புறம் அக்சஸிபிலிட்டி, அதாவது மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி தளத்தை அமைப்பது என்று வைத்திருக்கிறேன். எங்கள் செக்அவுட் ஃபாரத்தில் பாதி இன்புட்டுக்கு லேபிளே இல்லை, பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரில் வெறும் “எடிட், எடிட்” என்று படிக்கிறது.

புதுசு:
அண்ணா, அந்த ஃபாரத்தைச் சரிசெய்யும்போது என்னோடு ஸ்கிரீன் ஷேர் பண்ண முடியுமா? ஒரு ஓரமாகப் பார்த்துக்கொள்கிறேன்.

கூழைக்கடா:
கம்பெனி கோடைக் காட்ட முடியாது தம்பி. அதே மாதிரி ஒரு பக்கம் தனியாகப் போட்டு வைக்கிறேன், வா.

செமிகோலன்:
பார்த்தீர்களா, சைட் ப்ராஜெக்ட் ஆரம்பித்துவிட்டீர்கள். அது கிடக்கட்டும், அந்தப் புதன்கிழமையை மெயிலில் எழுதி வாங்கினீர்களா? ரிலீஸ் வாரத்தில் முதலில் காணாமல் போவது அந்த டாஸ்க்தான். போனதும் இங்கே வந்து சொல்லுங்கள்.

அடைப்புக்குறி:
போகவில்லை என்றாலும் வந்து சொல்லுங்கள். இவருக்காக.